கொடுத்தது சொல்லுதல்

அலுமாரியிலிருந்த ஏழாவது சட்டையையும் விரித்துப் பார்த்துவிட்டு எடித் கட்டிலில் எறிந்தாள். அதிலும் மஞ்சள் கறை. வயிற்றுக்கு நேரே, மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவில், சொல்லிவைத்தாற்போல எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். வெள்ளைச் சட்டை, கோடு போட்ட சட்டை, போன வருடம் கோயில் திருநாளுக்குத் தைத்த நீலச் சட்டை, ஒன்றும் தப்பவில்லை. ஓலைத்தொடுவாயில் மூன்று வள்ளமும் மிசின் போட்டு என்கிற இயந்திரப் படகு ஒன்றும் வைத்திருந்த அம்புறோஸ் சம்மாட்டியைப் பெட்டியில் கிடத்த ஒரு சுத்தமான சட்டை இல்லை.

"என்ன பிள்ளை, எடுத்திட்டியோ? குளிப்பாட்டி முடிஞ்சுது. ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்." கதவுக்கு வெளியே பெரியப்பா சந்தியோகின் குரல். செத்தவருக்கு மூத்தவர். நேற்றுப் பின்னேரத்திலிருந்து அந்த வீட்டில் எல்லாம் அவர் சொன்னபடிதான்.

"இந்தா வாறன் பெரியப்பா."

அடித்தட்டைக் கிளறியபோது பூச்சியுருண்டை மணத்தோடு ஒரு கறுப்புக் கோட்டு கையில் அகப்பட்டது. அப்பாவின் கலியாணக் கோட்டு. நல்லதாகப் போயிற்று. எந்தச் சட்டையைப் போட்டாலும் மேலே இதைப் பூட்டிவிட்டால் மஞ்சள் தெரியாது. இரண்டையும் ஒன்றாகச் சுருட்டிக் கதவிடுக்கால் நீட்டினாள்.

"கோட்டோ? ஓம், அதுவும் சரிதான். சம்மாட்டியெல்லே," என்று பெரியப்பா பெருமையாக வாங்கிக்கொண்டு போனார்.

சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து, ஆள் பிடித்துத் தொழில் நடத்துகிறவர். இன்று விடியப் பெரியப்பா வானொலிக்கு அனுப்பிய மரண அறிவித்தலிலும் அந்தச் சொல்தான் முதலில் இருந்தது. 'ஓலைத்தொடுவாயின் பிரபல சம்மாட்டியார், கடலோடு போராடிக் குடும்பத்தை உயர்த்திய உத்தமர்' என்று எழுதி, எடித்திடம் எழுத்துப் பிழை பார்க்கக் கொடுத்தார். அவள் முருங்கனில் பள்ளிக்கூட ஆசிரியை. 'உத்தமர்' என்ற சொல்லில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மற்றதெல்லாம் பொய்.

எடித்துக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்புறோஸுக்கு வள்ளத்தில் வைத்து வலிப்பு வந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து கடலுக்குள் விழுந்தார். கூட்டாளிகள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். தூக்கியவர்களே கரைக்கு வந்ததும், "இனி உன்னை ஏத்தேலாது அம்புறோஸ், எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குது," என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் குற்றம் இல்லை. வலிப்புக்காரனை ஏற்றிக்கொண்டு அந்தக் கரையில் எந்த வள்ளமும் கடலுக்குப் போகாது. முப்பத்தொரு வயதில் அவர் கரையோடு நின்றார்.

பெண்சாதி பிரான்சிஸ்கா கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கினாள். முருங்கன் சந்தையில் கருவாடு கொடுத்து நெல் வாங்கினாள், நெல்லை விற்று வலை வாங்கினாள், வருடம் முடியுமுன் ஒரு பழைய வள்ளம் வாங்கினாள். பதிவு புருஷன் பெயரில். "ஆம்பிளை இருக்கிற வீட்டிலை பொம்பிளை சம்மாட்டியோ? சிரிச்சே கொண்டு போடுவாங்கள்," என்று அவள்தான் சொன்னாள். அம்புறோஸ் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருக்கக்கூடிய மனிதர் அவர். ஆனால் பெண்சாதி சொன்னதற்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

அன்று தொடங்கியது அந்த நாடகம். வள்ளம் கரைக்கு வரும் நேரத்துக்கு அம்புறோஸ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கரையிலுள்ள மீன்வாடிக்கு முன்னால் நிற்பார். வியாபாரி விலை சொல்வான். பிரான்சிஸ்கா நாலு பாகத் தூரம் தள்ளி, கூடையோடு, ஒன்றுமறியாதவள் மாதிரி நிற்பாள். கூடையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றினால், "காணாது, ஏத்திச் சொல்லு," என்பார் அவர். மாற்றாமல் நின்றால், "சரி, நிறுத்துக்கொண்டு போ." காசு அவர் கைக்கு வரும். சந்தி கடந்து வீட்டுப் படலை தாண்டினதும் அவள் கைக்குப் போகும். எருக்கலம்பிட்டியிலிருந்து லொறியில் வரும் கருவாட்டு வியாபாரி சரிபுதீன் நானா முதல் கிழமையே விசயத்தைப் பிடித்துவிட்டார். ஆனால் மனிதர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. காசை அம்புறோஸிடமே நீட்டுவார், பார்வை மட்டும் கூடையில் இருக்கும்.

கரைவேலை அரைமணித்தியாலம். மிச்ச நாள் முழுக்க அம்புறோஸ் அடுப்படியில். சமைத்தார், கூட்டினார், துவைத்தார், மகளுக்குத் தலை பின்னினார். துவைத்ததை மட்டும், கொடி வெளியே தெரியும் என்பதால், பிரான்சிஸ்கா வந்துதான் போட வேண்டும். எடித்துக்கும் அந்த நாடகத்தில் ஒரு வேடம் இருந்தது. படலையில் யாராவது, "அம்புறோஸ் அண்ணை!" என்று கூப்பிட்டால் அவள் ஓடிப்போய் அவர் கையிலிருந்த அகப்பையைப் பறித்துக்கொள்ள வேண்டும். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போவார். வந்தவர்கள் புகைக்குள் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "என்ன கெட்டிக்காரி!" என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். இருபத்திரண்டு வருடம் மறைத்தார்கள். ஊருக்குத் தெரியாதா என்றால், ஊருக்கு எதுதான் தெரியாது? ஆனால் தெரிவது வேறு, ஒருவர் வாயால் சொல்லக் கேட்பது வேறு.

அந்தக் கெட்டிக்காரப் பட்டம்தான் இப்போது எடித்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு இலுப்பைக்கடவையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கிறகரி மன்னார்க் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளாக்கர். பார்த்த அன்றே எடித்துக்குப் பிடித்துவிட்டது. பிறகு அவன் எழுதிய இரண்டு கடிதத்தில் இன்னும் பிடித்துவிட்டது. அவன் தாய் மாக்கிறட் பாரைமீன் குழம்பில் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கை கழுவாமல் விரலை மணந்துகொண்டே எடித்தின் தாடையைப் பிடித்தாள். "எனக்கு வாதம் பிள்ளை, அகப்பை பிடிக்கேலாது. ரெண்டு வருஷமாய் மனுசர் சாப்பிடுற மாதிரி ஒண்டும் சாப்பிடேல்லை. கையிலை இப்பிடித் தொழில் இருக்கிற பிள்ளைக்குச் சீதனக் காசு என்னத்துக்கு? கழுத்திலை காதிலை போடுறதோடை வாங்கோ." பிரான்சிஸ்கா மிசின் போட்டை விற்று எடுக்கலாம் என்று நினைத்திருந்த காசு அன்று மிஞ்சியது. குழம்பு வைத்த அம்புறோஸ் முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு, மகளைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார்.

எடித்துக்குத் தேத்தண்ணீர் போடத் தெரியும். மற்றது ஒன்றும் தெரியாது.

அப்பா இப்போது நடுமண்டபத்தில் கறுப்புக் கோட்டோடு கிடந்தார். கைகளைச் சேர்த்துச் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். பெண்கள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் பிரான்சிஸ்கா. நேற்று மத்தியானம் படலையைத் திறந்து இரண்டு முறை கத்தியதோடு சரி. அதற்குப் பிறகு அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாயின் மூலையில் கிசுகிசு தொடங்கிவிட்டது. "காசு எண்ணின கண்ணெல்லே, தண்ணி வராது," என்று ஒருத்தி சொன்னது எடித்தின் காதிலும் விழுந்தது.

அதைவிட அவளை உலுக்கியது வேறொன்று. அந்தக் கரையில் ஒரு வழக்கம். பெட்டியை மூடுமுன் முதலில் உடன்பிறந்தவள் ஒப்பாரி சொல்வாள். பிறகு பெண்சாதி சொல்ல வேண்டும், புருஷன் தனக்கு என்னென்ன கொண்டுவந்து கொடுத்தான் என்று. 'கொடுத்தது சொல்லுதல்' என்பார்கள். கள்ளுக் குடித்து அடித்து உதைத்தவனுக்கும் அவன் மனைவி, தங்கம் கொணர்ந்தான் பட்டுக் கொணர்ந்தான் என்று சொல்லித்தான் மூடியிருக்கிறாள். சொல்லாமல் பெட்டி மூடினால் அந்த மனிதன் வெறுங்கையோடு போனான் என்று அர்த்தம். அப்பாவின் தமக்கை திரேசம்மா மாமி இப்போதே தொண்டைக்குச் சுடுதண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்ன சொல்வாள்?

"அம்மா, சீலை மாத்த வாங்கோ," என்று கையைப் பிடித்துத் தூக்கி அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள் எடித்.

"ரெண்டு மணி பஸ்ஸுக்கு இலுப்பைக்கடவை ஆக்கள் வருவினம் அம்மா. கிறகரி கந்தோர் அலுவலாய் அனுராதபுரத்திலையாம், தாயும் தகப்பனும் வருகினம்."

"வரட்டும்."

"மாமி சொல்லுறதைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே ரெண்டு வரி சொல்லிவிடுங்கோ. கடல் எண்டு, வள்ளம் எண்டு... எல்லாரும் சொல்லுறதுதானே."

பிரான்சிஸ்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எறிந்து கிடந்த சட்டைகளில் ஒன்றை எடுத்து மடித்தாள், மற்றதை எடுத்து மடித்தாள்.

"அவர் கதிரையிலை சாகேல்லை பிள்ளை," என்றாள்.

எடித்துக்கு விளங்கவில்லை. சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே உயிர் போனது, இதயம் நின்றுவிட்டது என்றுதான் ஊர் மருத்துவரான அப்போதிக்கரி ஐயா எழுதிக் கொடுத்தார். அவளுக்கு வந்த தந்தியிலும் அதுதான்.

"நான்தான் கொண்டுவந்து இருத்தினனான். சந்தையாலை வந்து பாக்கிறன், அடுப்படியிலை திருவலைக்குப் பக்கத்திலை விழுந்து கிடக்கிறார். கையிலை பாதித் தேங்காய். நான் முதல்லை என்ன செய்தனான் தெரியுமே? உலையை இறக்கினனான். பிறகு அவர் கட்டியிருந்த சாரத்திலை கிடந்த தேங்காய்ப்பூவைத் தட்டினனான். கக்கத்துக்குள்ளை கையைக் குடுத்து இழுத்து, விறாந்தைக்குக் கொண்டுவந்து, கதிரையிலை ஏத்தி, வேட்டி சுத்தி, சட்டை போட்டு, பொத்தானெல்லாம் பூட்டி... அதுக்குப் பிறகுதான் படலையைத் திறந்து கத்தினனான்."

பிரான்சிஸ்கா மடித்த சட்டையை மடியில் வைத்து நீவினாள்.

"இழுக்கேக்கை கை சூடாய் இருந்தது எடித்."

"அடுப்புக்குப் பக்கத்திலை கிடந்தபடியால் சூடாய் இருந்திருக்கும் அம்மா."

"இருக்கும். இல்லாட்டி உயிர் இருந்திருக்கும். ஆருக்குத் தெரியும்? அப்பவே கத்தியிருந்தால் பக்கத்து வீட்டுப் பெடியள் ஓடி வந்திருப்பாங்கள், ஆசுப்பத்திரிக்கு ஏத்தியிருக்கலாம். எனக்கு அந்த நினைவே வரேல்லை. ஆராவது காணமுன்னம் ஆளை அடுப்படியாலை எடுக்கவேணும், அதுதான் ஓடினது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்."

எடித்துக்கு அம்மாமேல் எரிச்சலும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தது. யார் கேட்டார்கள் இந்த மானத்தை? அப்பா கேட்டாரா? அடுத்த நிமிடமே அந்த ஆத்திரம் அவள் பக்கம் திரும்பியது. அகப்பையைப் பறித்தது யாருடைய கை? தாடையைப் பிடித்தபோது வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நின்றது யார்? இருந்தும் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"இண்டைக்கு ஒரு நாள் மட்டும் அம்மா. எனக்காக. இதைக் கேட்டால் மாக்கிறட் மாமி எழும்பிப் போயிடுவா."

பிரான்சிஸ்கா மகளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை.

"உன்ர காரியம் எனக்குத் தெரியாதே? ஆனால் பிள்ளை, சம்மாட்டிக்கு அழ எனக்கு வருகுதில்லை. நேத்துத் துவக்கம் முயற்சி செய்து பாக்கிறன். அந்த மனிசனை எனக்குத் தெரியாது. நான் குடும்பம் நடத்தினது வேறை ஆளோடை."

சீலையை மாற்றாமலே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு அவர்கள் வந்தார்கள். மாக்கிறட்டின் புருஷன் யாகப்பர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆண்களோடு பந்தலில் உட்கார்ந்தார். மாக்கிறட் வாதம் பிடித்த விரல்களால் எடித்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்ர ராசாத்தி, தகப்பன் முகம் பாக்காமல் கோயிலேறப் போறியே!" உண்மையான அழுகை. அந்த அழுகையைக் கேட்க எடித்துக்கு நெஞ்சு கூசியது. பெண்கள் ஒதுங்கி, சம்பந்திக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

பங்குச் சுவாமியார் வந்து மந்திரித்துவிட்டு, "கெதியாய் எடுங்கோ, வெயில் தாழுது," என்று சொல்லிக் கோயிலுக்கு முன்னே நடந்தார். திரேசம்மா மாமி தலைமயிரை அவிழ்த்துப் போட்டாள். குரல் என்றால் குரல். பந்தலுக்கு வெளியே நின்ற நாய்கூட எழும்பிப் போனது.

"ஏழு கடல் பாஞ்சவரே - என்ர தம்பியாரே
எதிர்காத்தை வெண்டவரே
கூடை கூடையாய் மீன் கொணந்து
குடிவிளங்க வைச்சவரே
பொன்னாலே தாலி செய்து - உன்ர
பொஞ்சாதியைப் போர்த்தவரே
கையாலே அள்ளித் தந்து
கண்கலங்காமல் காத்தவரே!"

ஏழு கடல் என்ன, இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதர் முழங்கால் தண்ணீருக்கு அப்பால் இறங்கியதில்லை. இருந்தாலும் பாயிலிருந்த பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். பெரியப்பா துவாயால் கண்ணைத் துடைத்தார். மாமி அடியை முடித்துவிட்டு, தம்பி பெண்சாதியின் தோளில் கை வைத்தாள். இனி நீ.

பிரான்சிஸ்கா வாய் திறக்கவில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். "சொல்லன் பிள்ளை, ரெண்டு சொல்லுச் சொல்லு," என்று யாரோ உசுப்பினார்கள். எடித் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று வேண்டிக்கொண்டாளா, சொல் என்று வேண்டிக்கொண்டாளா என்று பிறகு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை.

பிரான்சிஸ்கா குனிந்து கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக. உள்ளே மஞ்சள் பிடித்த சட்டை வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பாட்டென்று சொல்ல முடியாத ஒரு குரலில் தொடங்கினாள்.

"கடலுக்குப் போகேல்லை என்ர ராசா - நீங்கள்
கரையிலைதான் நிண்டியளே
கருவாட்டுக் கூடையோடை நான் வர
கால்கழுவத் தண்ணி வைச்சியளே
வலையிழுத்துத் தரேல்லை என்ர ராசா - என்ர
வலிச்ச காலைப் பிடிச்சியளே
சந்தையாலை களைச்சு வந்தவளைச்
சாப்பிடெண்டு சொன்னியளே!"

பந்தலில் சுருட்டை வாய்க்குக் கொண்டுபோன ஒருவர் அப்படியே வைத்திருந்தார்.

"பொஞ்சாதி உழைச்ச காசைப்
பொறுமையாய் வாங்கினியள் - என்ர பொய்க்கு
வேட்டி கட்டி வாடியிலை
வேசம் போட்டு நிண்டியளே
பிள்ளைக்குப் பேனெடுத்து
பின்னிவிட்ட கையிதுவே
ஊருக்குத் தெரியாமல் என்ர ராசா
உலைவைச்ச கையிதுவே!"

"மூடுங்கோ! மூடுங்கோ பெட்டியை!" பெரியப்பா பாய்ந்துகொண்டு வந்தார். "அவளுக்கு மூளை கலங்கிப்போச்சு. என்ர தம்பியைச் செத்த பிறகும் பெட்டையாக்கிறாள்!"

மூடி பிடித்தவர்கள் ஓரடி வைத்தார்கள். அப்போது பந்தல் காலோடு நின்றிருந்த சரிபுதீன் நானா, தன் வீட்டுச் சாவில் பேசுகிற மாதிரி, சத்தம் போடாமல் சொன்னார்.

"பொறுங்க சந்தியோகு அண்ணன். அக்கா சொல்லி முடிக்கட்டும். இது அவட உரிமை."

அவர் குரலில் ஏதோ இருந்தது. மூடி நின்றது. பிரான்சிஸ்காவுக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். நேற்றிலிருந்து வராத கண்ணீர் மூக்காலும் வாயாலும் வந்தது.

"அடுப்படியிலை விழுந்தவரை
ஆரும் காணமுன் இழுத்தேனே
கையிலை சூடிருக்கக்
கதிரையிலை வைச்சேனே
ஊர்வாய்க்குப் பயந்து என்ர ராசா
உங்களைவிட்டுப் போட்டேனே
பொம்பிளை பாக்க வந்த அண்டு..."

அந்த அடி அங்கேயே நின்றது. பிரான்சிஸ்கா தலையை உயர்த்தினாள். கண் மாக்கிறட்டைத் தொட்டு, எடித்திடம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். தன்னுடையது எல்லாவற்றையும் கொட்டியவள் மகளுடையதை மட்டும் மகளிடமே விட்டுவிட்டாள். பாதியில் நின்ற வரிக்காகப் பாயிலிருந்த பெண்கள் காத்திருந்தார்கள். வேறொரு வரி போட்டு முடித்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

எடித் கிறகரியின் கடிதங்களை நினைத்தாள். குண்டு குண்டான, கோடு விலகாத கையெழுத்து. பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். கட்டைவிரலின் ஓரமெல்லாம் திருவலைப் பல்லும் கத்தியும் கீறிக் கீறிக் கறுத்த கோடுகள். கடற்காரன் கையில் அந்த இடத்தில் அப்படிக் கோடு இருக்காது. அதைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் தெரிந்திருக்கும்.

அவளுக்கு ஒப்பாரி சொல்லத் தெரியாது. வெறும் பேச்சாகத்தான் வந்தது.

"அண்டைக்குப் பாரைக் குழம்பு வைச்சதும் அவர்தான் மாமி. நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்குச் சமைக்கவே தெரியாது. அவர் வைச்சதை நான் வைச்சதெண்டு நீங்கள் சொல்லேக்கை, நான் பேசாமல் நிண்டனான். என்ர அப்பா அதைக் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்."

யாகப்பர் பந்தலில் இருமினார். திரேசம்மா மாமி, "கடவுளே," என்று நெஞ்சில் கை வைத்தாள். மாக்கிறட் பாயில் கையூன்றி எழுந்தாள். வாதக்காரி என்பதால் எழும்ப நேரமெடுத்தது. எழுந்தவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தாள். அம்புறோஸின் வலது கையைச் செபமாலையோடு தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மீன் வெட்டத் தெரிந்த பெண், வேறொருத்தி கையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

"ஓம்," என்று மட்டும் சொன்னாள். கையைப் பழையபடி வைத்துவிட்டு, பிரான்சிஸ்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு மூடியைக் கிட்டக் கொண்டுவந்தார்கள். கோட்டின் பொத்தானை மறுபடி பூட்டப் பெரியப்பா கையைக் கொண்டுபோனார், பிரான்சிஸ்கா தட்டிவிட்டாள். அப்படியே மூடினார்கள்.

பெண்கள் கோயில்வரை போய்த் திரும்பினார்கள். அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். திரும்பும் வழியில் ஒருத்தியும் எடித்தோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தவர்கள் மண்டபத்தைக் கழுவிவிட்டு, பார்த்தும் பார்க்காத மாதிரி ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நாளையிலிருந்து கிணற்றடியில் கதைக்க இது அவர்களுக்கு ஒரு வருடத்துக்குக் காணும். மாக்கிறட் மட்டும் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எடித் அவளுக்கு முன்னால் போய் நின்றாள். எதைச் சொல்வதென்றாலும் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

"கிறகரிக்கு முட்டை அவிக்கவும் தெரியாது," என்றாள் மாக்கிறட். "தகப்பன் மாதிரி. சோறு போட்டுத் தண்ணியும் வாத்து வைச்சால்தான் அசைவான். நீங்கள் ரெண்டு பேரும் பட்டினி கிடந்துதான் சாகப்போறியள்."

எடித்தால் நம்ப முடியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்தாள்.

"சிரிக்காதை. நான் இன்னும் கோவத்திலைதான் இருக்கிறன். ஏமாத்தினது ஏமாத்தினதுதான். வீட்டை போய் மனிசனோடை கதைச்சுப்போட்டுத்தான் எதையும் சொல்லுவன்." சற்று நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏன் பிள்ளை, அந்தக் குழம்புக்குக் கடைசியிலை என்ன போட்டவர்? ரெண்டு மாதமாய் எனக்கு அதுதான் யோசனை. நானும் எத்தினை விதமாய்ச் சொல்லிக் குடுத்துச் செய்விச்சுப் பாத்திட்டன்."

எடித் வாயைத் திறந்தாள். புகை நினைவுக்கு வந்தது. அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. சட்டியைக் கிளறும் சத்தமும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"தெரியாது மாமி. அவர் சமைக்கேக்கை நான் படலையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருநாளும் சட்டிக்குள்ளை பாக்கேல்லை."

சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வெடித்தது. நேற்றுத் தந்தி வந்தபோதும் இப்படி அழவில்லை. மாக்கிறட் சமாதானம் ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்தில் பாயைத் தட்டினாள்.

சேமக்காலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். "ஆருங்கோ அடுப்படியிலை? ஆக்களுக்குத் தேத்தண்ணி வேணும்!" என்று பெரியப்பா பொதுவாகக் கத்தினார். எடித் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பை மூட்டினாள், கேத்திலில் தண்ணீர் வைத்தாள். சுவர்த்தட்டில் ஒரே அளவான தகரப் பேணிகள், பெயர் எழுதாமல், பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருந்தன. அவள் தேத்தண்ணீர் போட்டதெல்லாம் முருங்கன் விடுதியில்தான். இங்கே தேயிலை எதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, தேயிலை எதுக்குள்ளை?"

பிரான்சிஸ்கா வந்து பக்கத்தில் நின்றாள். தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். பிறகு முதலாவது பேணியை எடுத்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, மகளிடம் நீட்டினாள்.